முழங்காலில் அடியா? டாக்டரிடம் போவதா, பொறுத்துப் பார்ப்பதா?

மழை நேரத்தில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுவது ஒன்றும் அதிசயமல்ல. ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் ஆட்டத்தில் முழங்கால் பிசகுவதும் அப்படித்தான். எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று ஆபீஸ் போய்விடுவீர்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். சரியாகாத சிலவற்றை வலியை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். வெறும் சிராய்ப்பு உயிர் போகிற மாதிரி எரியும். பேச்சு வழக்கில் 'ஜவ்வு' என்கிறோமே, அந்த லிகமென்ட் முழுசாக அறுந்திருந்தாலும் சில வாரங்களில் வலி அடங்கிவிடலாம்.

2023 ஜனவரி 3 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் இலங்கைக்கு எதிரான டி20 போட்டியில், எல்லைக்கோடு அருகே பந்தைத் தடுக்கப் போன சஞ்சு சாம்சனுக்கு இடது முழங்காலில் அடிபட்டது. மறுநாளே ஸ்கேன், நிபுணர் ஆலோசனை. ஓய்வும் மறுவாழ்வுப் பயிற்சியும் போதும் என்றார்கள். மீதி இரண்டு போட்டிகளிலும் அவர் ஆடவில்லை. அவரைப் போல நமக்கு அணி டாக்டர் கிடையாது, முதல் பரிசோதனையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு 1990களில் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் என்ற டாக்டரின் குழு உருவாக்கிய விதிகள் உதவும். எலும்பு முறிவு இருக்கலாமா, எக்ஸ்ரே தேவையா என்று முடிவெடுக்க உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகள் பயன்படுத்துபவை அவை. அடிபட்ட உடனேயும் சரி, பிறகும் சரி, நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? (நொண்டி நடந்தாலும் நடைதான்.) முழங்காலை 90 டிகிரிக்கு, அதாவது நாற்காலியில் உட்காரும் அளவுக்கு, மடக்க முடியவில்லையா? மூட்டுச் சில்லை மட்டும் தொட்டால் வலிக்கிறதா? முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்டவருக்கு 55 வயது ஆகிவிட்டதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். கடைசிக் கேள்வி உங்களுக்கு இல்லை. ஆனால் ஊரில் அப்பா வழுக்கி விழுந்துவிட்டு "ஒண்ணுமில்லப்பா" என்று போனில் சொல்லும்போது ஞாபகம் வையுங்கள்.

எக்ஸ்ரே நார்மல் என்றால் எலும்பு உடையவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். லிகமென்ட், மெனிஸ்கஸ் இரண்டும் அதில் தெரியாது. அதற்கு நீங்கள் கவனிக்க வேண்டியது வீக்கம் வந்த நேரம். 'டப்' என்று உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்து மாதிரி வீங்கினால், மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்புற லிகமென்ட்டான ஏசிஎல் அறுந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். மறுநாள் காலையில் லேசாக வீங்கினால் அவ்வளவு அவசரமில்லை. படி இறங்கும்போது முழங்கால் நழுவுகிறதா, மடக்கிய கால் மாட்டிக்கொண்டு நீட்ட வரவில்லையா? வலி குறைவாக இருந்தாலும் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். நழுவும் முழங்காலோடு மறுபடி ஆடப் போகிறவர்கள்தான் மெனிஸ்கஸையும் கிழித்துக்கொள்கிறார்கள்.

சில விஷயங்களில் நாளைக்கு என்ற பேச்சே வேண்டாம். மூட்டு கோணலாகத் தெரிவது, பாதம் சில்லிட்டு மரத்துப்போவது, மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடிப்பது, மூட்டின் மேல் ஆழமான வெட்டுக்காயம், கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. இவற்றில் எது இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ரோட்டில் விழுந்த காயம் என்றால், கடைசியாக டிடி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டிவிட்டதா என்றும் யோசியுங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். துணியில் சுற்றிய ஐஸை 15-20 நிமிடம் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், முடிந்த அளவு மெதுவாக நடங்கள். கேரளத்தில் இருக்கும்போது ஒரு சபலம் வரும்: எண்ணெய் தேய்த்து உழிச்சல். தெருவுக்குத் தெரு ஆள் இருப்பார்கள், அக்கறையாகவும் சொல்வார்கள். வீங்கிய மூட்டில் முதல் மூன்று நாள் அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் வீக்கத்தைக் கூட்டும். உள்ளே முறிவு இருந்தால் இன்னும் மோசம். நாளுக்கு நாள் குறையாவிட்டாலோ, இரண்டு வாரம் கழித்தும் முழுதாக நீட்டி மடக்க முடியாவிட்டாலோ டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

மட்டாஞ்சேரியில் உள்ள அரசு மருத்துவமனை பெண்கள், குழந்தைகளுக்கானது. எலும்பு சிகிச்சைக்குப் பாலம் தாண்டி எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போவதா வேண்டாமா என்ற குழப்பத்துக்கு மாநில அரசின் 'திஷா' உதவி எண் 1056 இருக்கிறது; ஆம்புலன்ஸுக்கு 108. டாக்டர் "நீரு உண்டோ?" என்று கேட்டால் மூட்டுக்குள் தண்ணீரா என்று பதறாதீர்கள், மலையாளத்தில் நீர் என்றால் வீக்கமும்தான். "எப்ப வீங்குச்சு, விழும்போது சத்தம் கேட்டுச்சா, அப்புறம் நடந்தேனா" என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்பதும் இதைத்தான்.