கேட்கத் தாமதமான கேள்வி

எலும்பு முறிவுப் பிரிவில் பணிபுரியும் பயிற்சி மருத்துவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவர் சேர்க்கப்படுகிறார். முதல் நாள் அமைதியாகப் படுத்திருக்கிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது, காரணமின்றி வியர்க்கிறது. மூன்றாம் நாள் இரவில், சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன என்று அலறியபடி மாவுக்கட்டோடு கட்டிலிலிருந்து இறங்க முயல்கிறார். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்கிறார்கள் உறவினர்கள். தலையில் அடிபட்டிருக்குமோ என்று படம் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். அவர் உடல் தேடுவது, பல வருடங்களாகத் தினமும் கிடைத்து, இந்த மூன்று நாட்களாகக் கிடைக்காமல் போன சாராயத்தை. சேர்க்கும்போதே 'குடிக்கும் பழக்கம் உண்டா, கடைசியாக எப்போது?' என்று யாராவது கேட்டிருந்தால், உரிய மாத்திரைகளைக் கொண்டு அந்த இரவைத் தவிர்த்திருக்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கக்கூடிய நிலை அது.

இந்த ஒரு கேள்வியைக் கேட்க மருத்துவம் ஏன் இத்தனை காலம் தயங்கியது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

அறியாமை காரணமல்ல. ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் ட்ராட்டர் 1788லேயே குடியைப் பற்றி எடின்பரோவில் ஆய்வேடு எழுதினார். அதை விரித்து 1804இல் நூலாக்கியபோது குடிப்பழக்கத்தை மனத்தின் நோய் என்றார். மேலே சொன்ன நடுக்கப் பிதற்றலுக்கு 1813இல் தாமஸ் சட்டன் 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று பெயரிட்டார். 1849இல் ஸ்வீடனின் மேக்னஸ் ஹஸ், 'ஆல்கஹாலிசம்' என்ற சொல்லையே உருவாக்கினார். 1881இல் கார்ல் வெர்னிக்கே, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, சித்தம் கலங்கும் மூளைநோயை விவரித்தார். அவர் கண்ட மூன்று நோயாளிகளில் இருவர் குடிகாரர்கள்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு இடையே படித்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அவர் கல்லூரிக்குள் நுழையும் முன்னரே மேற்சொன்ன அனைத்தும் மருத்துவ நூல்களில் ஏறிவிட்டன. குடி உடலை என்ன செய்யும் என்பது தெரிந்திருந்தது. குடிப்பவரோடு எப்படிப் பேசுவது என்பதற்குத்தான் நூல் இல்லை.

நம் மருத்துவக் கல்வியில் மாணவன் குடிப்பவரை மூன்று இடங்களில் சந்தித்தான். முதலாவது, பிணக்கூடமும் உள்நோயாளிப் பிரிவும்; அங்கே சுருங்கி இறுகிய கல்லீரலாகவும் வீங்கிய வயிறாகவும் சந்தித்தான். இரண்டாவது, மனநல மருத்துவமனை. அங்கே பிதற்றலாகச் சந்தித்தான். இவ்விரண்டிலும் காலம் கடந்திருந்தது. மூன்றாவது இடம்தான் நம் கதைக்கு முக்கியமானது: சட்ட மருத்துவ வகுப்பு. ஜெய்சிங் மோடியின் புகழ்பெற்ற சட்ட மருத்துவப் பாடநூல் 1920இல் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாக இந்திய மாணவர்கள் அதன் பதிப்புகளைப் படித்தார்கள். காவலர் அழைத்து வரும் ஒருவர் குடித்திருக்கிறாரா என்று சான்றளிப்பது எப்படி என்பதை இந்த வகுப்பில்தான் அவர்கள் கற்றார்கள். மூச்சில் வாடை, கண்மணியின் அளவு, பேச்சில் குழறல், நேர்கோட்டில் நடக்க முடிகிறதா என்ற சோதனை. ஆக, குடியை 'அடையாளம் காணுதல்' என்ற கலை நம்மிடம் இருந்தது. அது நோயாளியை அடையாளம் காணும் கலையாக இல்லாமல், குற்றவாளியை அடையாளம் காணும் கலையாக இருந்தது.

இதில் ஒரு குரூரமான முரண் உண்டு. சான்றிதழில் 'போதை' என்று பதிவாகும் அதே தள்ளாட்ட நடை, வெர்னிக்கே சொன்ன மூளைநோயாகவும் இருக்கலாம். பி1 வைட்டமின் குறைவினால் வருவது அது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் அந்த வைட்டமினை ஊசியாகச் செலுத்தினால் மனிதர் மீளக்கூடும். தாமதமானால் நினைவு நிரந்தரமாகவே போய்விடலாம்.

தமிழகத்தின் சட்ட வரலாறு இந்தப் பார்வையை இன்னும் இறுக்கியது. 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. அதன்பின் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் 'குடிப்பாயா?' என்பதற்கு 'ஆம்' என்று பதில் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்தது. அரசு மருத்துவமனையின் வெள்ளை அங்கியும் காவலரின் காக்கியும் ஒரே கேள்வியைக் கேட்டன. நோயாளி பொய் சொல்லக் கற்றார். மருத்துவர் கேட்காமலிருக்கக் கற்றார்.

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974இல் திரும்ப வந்தது. 1981இல் மறுபடி நீங்கியது. 1983இல் டாஸ்மாக் உருவாகி, 2003இல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. குற்றம் என்பது போயிற்று. வெட்கம் மட்டும் தங்கிவிட்டது. குடிநோயருக்கென்று தனிச் சிகிச்சை மையத்தை 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கியபோது, அது மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியேதான் முளைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி கேட்கும் முறையே ஒரு கருவி என்ற எண்ணம் மேலைநாடுகளிலும் தாமதமாகத்தான் வந்தது. வட கரோலினாவில் ஜான் யூவிங் 1968இல் நான்கு கேள்விகளை வகுத்தார். குறைக்க வேண்டும் என்று தோன்றியதுண்டா, பிறர் குறைசொல்லி எரிச்சல் வந்ததுண்டா, குற்ற உணர்வு ஏற்பட்டதுண்டா, காலையில் எழுந்ததும் முதல் காரியமாகக் குடித்ததுண்டா. எவ்வளவு என்று ஒரு கேள்விகூட இல்லை என்பதே இதன் அழகு. எண்ணிக்கையைக் கேட்டால் மனிதர் பாதியாக்கிச் சொல்வார். எரிச்சலைக் கேட்டால் மனம் திறப்பார். ஆனால் இக்கேள்விகள் பிடிப்பது பெரும்பாலும் முற்றிய நிலையை. அதற்கு முன்பே கண்டுகொள்ள உலக சுகாதார நிறுவனம் 1989இல் பத்துக் கேள்விகளும் நாற்பது மதிப்பெண்ணும் கொண்ட 'ஆடிட்' வினாப்பட்டியலை வெளியிட்டது. எட்டைத் தொட்டால் எச்சரிக்கை. ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் நோயாளிகளைக் கொண்டு அது உருவாக்கப்பட்டது. நாம் அதில் இல்லை.

இல்லாததன் விளைவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். அப்பட்டியலில் 'ஒன்று' என்பது பத்து கிராம் ஆல்கஹால். நம்மூர் நோயாளியின் 'ஒன்று' என்பது ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி. அதன் செறிவு 42.8 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய அறுபது கிராம் ஆல்கஹால் வருகிறது. 'தினமும் ஒண்ணே ஒண்ணுதான் சார்' என்று அவர் உண்மையாகவே சொல்கிறார். மாணவர் அதை ஒன்று என்றே குறித்துக்கொள்கிறார். குறிக்கப்பட வேண்டியது ஆறு. ஒரே அமர்வில் ஆறு அல்லது அதற்கு மேல் குடிப்பது எத்தனை முறை என்பது அப்பட்டியலின் மூன்றாவது கேள்வி; அவருடைய பதில் 'தினமும்'. குவார்ட்டரும் கட்டிங்கும் தெரியாத மாணவருக்கு எந்த வினாப்பட்டியலும் உதவாது. அடையாளம் காணுதல் என்பது நோயாளியின் மொழியைக் கற்பதில்தான் தொடங்குகிறது.

கேட்டு என்ன பயன், விடவா போகிறார்கள் என்ற அலுப்பு மூத்த மருத்துவர்களிடம் உண்டு. மாணவர்களுக்கு அது எளிதில் தொற்றும். லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸும் ஜிம் ஆர்ஃபோர்டும் 1977இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். திருமணமான நூறு குடிநோயர்கள். ஒரு பாதிக்குப் பல மாதச் சிகிச்சை. மறு பாதிக்கு மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு அக்கறையான ஒரே ஓர் ஆலோசனை அமர்வு. ஓராண்டு கழித்து இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது; முற்றிய நோயருக்கு அது வேண்டும். மரியாதையோடு நிகழும் ஓர் உரையாடலும் மருந்துதான் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரமே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. முன்கூட்டிக் கண்டறிதல் என்பதை இந்த மண்ணுக்குக் கற்பித்த இடங்களில் அது ஒன்று. 1988இல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்தது. குடியைப் பற்றிய கேள்வியும் முன்கூட்டிக் கண்டறிதலின் பகுதிதான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அவர் பிறந்த ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017இல்தான் வந்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், மது முதலிய பொருட்களின் பயன்பாட்டால் வரும் கோளாறுகளை நோயாளியிடம் கேட்டறிந்து பதிவுசெய்வதை ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் உரிய திறனாக வரையறுத்தது. அதே ஆண்டு வெளியான தேசிய ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் முப்பத்தெட்டில் ஒருவருக்கே ஏதேனும் உதவி கிடைத்ததாகச் சொன்னது. மீதி முப்பத்தேழு பேரும் மருத்துவமனையை எட்டிப் பார்க்காதவர்களாக இருக்க முடியாது. வயிற்று வலிக்கும், ரத்த அழுத்தத்துக்கும், முறிந்த காலுக்கும் வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கேட்கப்படாமலே திரும்பியவர்கள் அவர்களில் பலர்.

ஒரு மாணவி மாவுக்கட்டு போட்ட கிராமத்துப் பெரியவரின் கட்டிலருகே குனிந்து, 'ஐயா, கடைசியா எப்ப குடிச்சீங்க?' என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குரலில் காவலர் இல்லை; உபதேசியும் இல்லை. பெரியவர் ஒரு கணம் மனைவியைப் பார்க்கிறார். பிறகு சொல்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவம் அறிந்துவைத்திருந்த அனைத்தும் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவருக்குப் பயன்படத் தொடங்குகிறது.