முதல் மாணவர் என்னும் சிறப்பு

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில், நம் கோந்த்வாக் குடியிருப்பில், "முதலாவதாக வந்தது யார்?" என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகின்றது. அக்கேள்விக்கு நம் நாட்டில் 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனைச் சிறிது நோக்குவோம்.

1857-ஆம் ஆண்டில் பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் தோன்றின. அவை நடத்திய மெட்ரிகுலேஷன் பரீட்சையே உயர்நிலைப்பள்ளிப் படிப்பின் எல்லையாக விளங்கிற்று. அமெரிக்க நாட்டில், பள்ளியே தன் மாணவர்களின் சில ஆண்டு மதிப்பெண்களைக் கணக்கிட்டு முதல்வரைத் தெரிந்தெடுக்கும். அவர் பட்டமளிப்பு நாளில் விடைபெறும் உரை நிகழ்த்துவார். நம் நாட்டிலோ, மாணவரை முன்பின் அறியாத பரீட்சகர் இட்ட மதிப்பெண்ணே முதல்வரைத் தீர்மானித்தது.

அம்முதலிடம் வெறும் புகழோடு நின்றுவிடவில்லை; மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளமும் தந்தது. 1912-இல் பம்பாய் மெட்ரிகுலேஷனில் முதல்வராகத் தேறிய சிந்தாமண் துவாரகாநாத் தேஷ்முக், வடமொழிக்குரிய ஜகந்நாத் சங்கர்சேட் உபகாரச் சம்பளத்தையும் பெற்றார். அவரே 1943-இல் ரிசர்வ் வங்கியின் முதல் இந்தியக் கவர்னராகவும், 1950-இல் மத்திய நிதியமைச்சராகவும் உயர்ந்தார்.

ஆயினும் மதிப்பெண் வரிசை எல்லாரையும் காத்ததில்லை. 1904-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப்பள்ளியில் இராமானுஜனுக்கு ரங்கநாத ராவ் கணிதப் பரிசு வழங்கப்பட்டது. முழு மதிப்பெண்ணுக்கும் மேலான தகுதியுடையவர் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவரை அறிமுகப்படுத்தினார். பின்னர்க் கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து, பிற பாடங்களில் தவறியமையால், கிடைத்திருந்த உபகாரச் சம்பளத்தை இராமானுஜன் இழந்தார். பள்ளி கண்டுகொண்ட மேதையைப் பரீட்சை கைவிட்டது.

1966-இல் மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியம் நம் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. முதலிடம் பெற்றோரின் படங்கள் பத்திரிகைகளில் வருவதும், பேட்டிகள் எடுப்பதும் வழக்கமாயின. உதவிக்கென எழுந்த வரிசை, காலப்போக்கில் பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆதலின் இந்நூற்றாண்டில் மகாராஷ்டிர வாரியம் தகுதிப் பட்டியலை விடுத்தது; தமிழக அரசும் 2017-இல் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்திற்று. ஆனால் தனிப்பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகளில் அப்படங்கள் இன்றும் தொங்குகின்றன.

இவ்வரலாற்றினின்று நம் சங்கம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டு விழா மேடையில், தேறிய பிள்ளைகள் அனைவரின் பெயரையும் அகரவரிசையில் வாசிப்போம். ஒருவருக்கு மட்டும் வெள்ளிக் கோப்பை வாங்கும் பணத்தைக் கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைக்கு, மேடையேற்றாமல், அவர் இல்லத்திலேயே சேர்ப்போம். முதலிடத்துக்கு முன்னோர் அளித்த பொருளும் அதுவேயாம்.