மூளைக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை

மார்பகத்தில் தோன்றிய புற்றணுக்கள் குருதி வழியே மூளையை அடைந்து கட்டிகளாக வளர்ந்த நிலையில் அளிக்கப்படும் கதிர் மருத்துவம். மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் மார்பகத்தினுடையது. ஹெர்-2 புரதம் மிகுந்த வகையிலும், ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத வகையிலும் இப்பரவல் அதிகம். இவ்விரு வகைகளில் நோய் முற்றிப் பரவியவர்களுள் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை மூளைக் கட்டிக்கு ஆளாகின்றனர். ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும், 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்து உடலின் பிற பகுதிகளில் நோயை நன்கு அடக்கியது. ஆனால் அதன் பெரிய மூலக்கூறு குருதி-மூளைத் தடையை எளிதில் கடப்பதில்லை. ஈரலும் எலும்பும் தேறிவரும் வேளையில் மூளையில் நோய் தலைகாட்டுவது இதனால்தான். கதிருக்கு அந்தத் தடை ஒரு பொருட்டன்று.

வரலாறு

1895 இறுதியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களிலேயே, 1896 தொடக்கத்தில், மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு அக்கதிரைச் செலுத்தியதாகச் சிகாகோவின் எமில் கிரபே பிற்காலத்தில் எழுதினார். மூளைப் பரவலுக்கு இம்முறையை ஒழுங்காகக் கையாண்டு பதிந்தவர்கள் நியூயார்க் மெமோரியல் மருத்துவ மையத்தின் சாவோ, பிலிப்ஸ், நிக்சன் ஆகியோர். 1954இல் வெளியான அவர்களது கட்டுரை தலைவலி, வாந்தி, கைகால் தளர்ச்சி போன்றவை பலருக்குத் தணிந்ததைக் காட்டியது. அன்று தலை முழுவதற்கும் கதிர் பாய்ச்சியதற்குக் காரணம் எளியது: கட்டி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க வழியில்லை. சி.டி. ஸ்கேன் 1971இல்தான் லண்டனின் விம்பிள்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்தது.

குறிபார்த்துக் கதிர் செலுத்தும் எண்ணம் அதற்கு முன்பே ஸ்வீடனில் பிறந்துவிட்டது. நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் (1907–1986) மண்டையோட்டைத் திறக்காமல், பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் சந்திக்கச் செய்யலாம் என்று 1951இல் எழுதினார். ஒவ்வொரு கதிரும் தான் கடக்கும் திசுவுக்கு அற்பமான தீங்கே செய்யும். சந்திக்கும் இடத்தில் மட்டும் அழிக்கும் வலிமை சேரும். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைச் சுடுவது போன்றது இது. முதலில், நோயாளியின் தலையை அசையாமல் பிடிக்கும் தம் சட்டத்தில் எக்ஸ் கதிர்க் குழாயைப் பொருத்திப் பார்த்தார். பின்னர் இயற்பியலாளர் போர்ஜே லார்சனுடன் உப்சாலாவில் புரோட்டான் கற்றையை முயன்றார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அணுத்துகள் முடுக்கியை நாடுவது மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாது. எனவே 1968இல் ஸ்டாக்ஹோமின் சோபியாஹெம்மட்டில் 179 கோபால்ட்-60 மூலங்களைக் கொண்ட காமா நைஃப் இயங்கத் தொடங்கியது. பின்வந்த மாதிரிகளில் மூலங்கள் 201 ஆயின. 2006இன் மாதிரியில் 192.

லெக்செல் மனத்தில் வைத்திருந்தது புற்றுநோயை அன்று. தீராத வலி, பார்க்கின்சன் நடுக்கம் போன்றவற்றுக்கு மூளையின் ஆழத்தில் நுண்ணிய புண் ஏற்படுத்துவதே அவர் நோக்கம். பரவல் கட்டிகள் பெரும்பாலும் உருண்டையாக, விளிம்பு தெளிவாக, சிறியனவாக இருப்பதால் அவர் கருவிக்கு அவையே பொருத்தமான இலக்காயின. இது 1980களின் இறுதியில்தான் உணரப்பட்டது. ஸ்டாக்ஹோமில் லெக்செலின் பிரிவில் பயின்ற அமெரிக்கர் ஜான் ஆட்லர், தலையில் திருகப்படும் சட்டம் தேவையற்ற சைபர்நைஃப் கருவியை ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கினார்.

முறைகள்

முழு மூளைக் கதிர்வீச்சில் வழக்கமான அளவு 10 தவணைகளில் 30 கிரே (கதிர் அளவின் அலகு). உடல் தளர்ந்தவர்களுக்கு 5 தவணைகளில் 20 கிரே. லெக்செல் வழிவந்த குவிகதிர் முறையில் ஒரே அமர்வில் 2 செ.மீ. வரையான கட்டிக்கு 24 கிரே, 3 செ.மீ. வரை 18, 4 செ.மீ. வரை 15 என்ற அளவுகள் அமெரிக்க ஆய்வொன்றிலிருந்து நிலைபெற்றவை. கட்டி பெரிதாகும்போது சுற்றுத் திசுவைக் காக்க அளவு குறைகிறது. ஒற்றைப் பெருங்கட்டியை அறுத்தெடுத்துப் பின் கதிர் தருவதும் உண்டு. 1990இல் பாட்செல் குழு வெளியிட்ட ஆய்வில் அறுவையும் கதிரும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 40 வாரம். கதிர் மட்டும் பெற்றோருக்கு 15.

பழைய முறையான முழு மூளைக் கதிரின் குறை நினைவாற்றலில் வெளிப்பட்டது. 2009இல் டெக்சாஸில் நடந்த ஆய்வு, குவிகதிரோடு முழு மூளைக் கதிரும் பெற்றவர்களிடம் சொற்களை நினைவுகூரும் திறன் வெகுவாகச் சரிந்ததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2016இல் வந்த 213 பேர் ஆய்வில், மூன்று மாதத்தில் அறிதிறன் குன்றியோர் குவிகதிர் மட்டும் பெற்ற பிரிவில் 63.5 விழுக்காடு, இரண்டும் பெற்ற பிரிவில் 91.7. வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முழு மூளைக் கதிர் மூளையின் வேறிடங்களில் புதுக் கட்டிகளைக் குறைத்தது என்பது உண்மைதான், எனினும் அதற்குக் கொடுத்த விலை மிகை. 2014இல் ஜப்பானியர் 1,194 பேரிடம் நடத்திய ஆய்வில் 5 முதல் 10 கட்டி உடையோரும் 2 முதல் 4 கட்டி உடையோரும் குவிகதிருக்குப் பின் ஒரே அளவு காலம், இடைநிலையாக 10.8 மாதம், வாழ்ந்தனர். எண்ணிக்கையைவிடக் கட்டிகளின் மொத்தப் பருமனே தக்க அளவுகோல். இவ்வாய்வுகளில் பெரும்பாலோர் நுரையீரல் நோயாளிகள் என்பதையும் சொல்ல வேண்டும். மார்பக நோயாளிகள் சிறுபான்மையினரே.

குவிகதிருக்கும் தீங்கு உண்டு. மாதங்கள் கழித்து, கதிர்பட்ட திசு மடிந்து வீங்கலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் அது மீண்டும் வளர்ந்த கட்டி போலவே தோன்றி மருத்துவரைத் திணறவைக்கும். ஸ்டீராய்டும், தேவைப்பட்டால் பெவசிசுமாப் மருந்தும் தரப்படுகின்றன.

இன்றைய நிலை

கட்டிகள் மிகப் பலவாகும்போது, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியை விலக்கி முழு மூளைக் கதிர் செலுத்துவதும் உடன் நினைவாற்றலைக் காக்க மெமன்டின் மருந்து தருவதும் வழக்கமாகி வருகின்றன. ஹெர்-2 வகையில் மூளையை எட்டவல்ல டுகாடினிப் போன்ற மருந்துகளால் சிலருக்குக் கதிரைத் தள்ளிப்போட முடிகிறது. பரவுமுன்பே தடுப்பாக மூளைக்குக் கதிர் தரும் வழக்கம் சிற்றணு நுரையீரல் புற்றுநோயில் உண்டு; மார்பகப் புற்றுநோயில் இல்லை.