கேட்டவரும் தோற்றார், கேட்காதவரும் தோற்றார்



சற்று நீண்ட பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சோழர், பல்லவர் என்று எழுதிக்கொண்டிருந்த வாத்தியார் பேஸ்பாலுக்கு வந்துவிட்டாரே என்று சிரிக்க வேண்டாம். மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது பேரன் என்னை இந்த ஆட்டத்துக்குப் பழக்கிவிட்டான். போன வாரம் தொலைபேசியில் எங்கள் இருவருக்கும் ஒரு வாக்குவாதம். நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பந்துவீச்சாளரை எந்த நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அவன் எண்களின் பக்கம். நான் மனிதனின் பக்கம். பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு என் கட்சியும் ஆட்டம் கண்டுவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்காகச் சில வரிகள். பேஸ்பாலில் ஓவர் என்பது கிடையாது. பிட்சர் என்று அழைக்கப்படும் ஒருவரே தொடர்ந்து பந்து வீசுவார். மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு அணியின் இன்னிங்ஸ் முடியும். அப்படி ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். பேட்டர்கள் ஒன்பது பேர் வரிசையாக வருவார்கள். ஒன்பதாமவர் முடிந்ததும் மறுபடி முதலாமவர் வருவார். பிட்சரை மாற்றுவது மேனேஜரின் முடிவு. ஒரு முறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஆரம்பித்தவரே முடிப்பார். 1884ஆம் ஆண்டு பிராவிடன்ஸ் அணியின் முக்கிய பிட்சர்கள் இருவரில் ஒருவர் பருவத்தின் நடுவிலேயே விலகிப் போய்விட்டார். மிஞ்சிய சார்லஸ் ராட்போர்ன் ஏறக்குறைய எல்லாச் சுமையையும் தானே சுமந்தார். அந்த ஆண்டு அவர் வீசியது 678 இன்னிங்ஸ். 73 ஆட்டங்களைத் தொடங்கினார், 73ஐயும் அவரே முடித்தார். அணி பட்டம் வென்றது. அப்போது பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 50 அடிதான். 1893இல்தான் அது இன்றைய 60 அடி 6 அங்குலமானது. (நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.) தூரம் கூடியது, பேட்டர்கள் தேறினார்கள், ஆனால் கடைசி வரை நின்று வீசுபவனே வீரன் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

அந்த எண்ணத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? சாண்டி கோஃபாக்ஸ் என்ற இடது கை பிட்சரைப் பாருங்கள். 1965ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். இரண்டே நாள் ஓய்வோடு வந்து, எதிரணிக்கு ஒரு ரன் கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் வீசினார். அவருடைய டாட்ஜர்ஸ் அணி 2-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு 323 இன்னிங்ஸ் வீசி 27 வெற்றிகள் பெற்றார். அத்தோடு ஓய்வு அறிவித்துவிட்டார். முழங்கையில் மூட்டுவாதம். வயது 30. உச்சத்தில் இருக்கும்போதே ஒரு கை முடிந்துபோயிற்று.

1974இல் டாமி ஜான் என்ற இன்னொரு பிட்சருக்கு இடது முழங்கையின் தசைநார் கிழிந்தது. அதுவரை அப்படிக் கிழிந்தால் பந்துவீச்சு வாழ்க்கை முடிந்தது என்று பொருள். டாக்டர் ஃபிராங்க் ஜோப், வலது கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள். இன்று அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர்தான். அணிகளும் மெல்ல மெல்ல பந்துகளை எண்ணத் தொடங்கின. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 100 பந்து என்பது எழுதாத எல்லையாயிற்று. இனி நான் சொல்லப் போகும் இரண்டு இரவுகளும் இந்த எல்லையைச் சுற்றித்தான்.

முதல் இரவு, 2003 அக்டோபர் 16. நியூயார்க் யாங்கீ மைதானம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி உலகத் தொடர் பட்டம் வென்று 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக வென்றது 1918இல். இந்த ஆட்டத்தில் வென்றால் உலகத் தொடருக்குப் போகலாம். ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது பாஸ்டனின் பெட்ரோ மார்ட்டினெஸ் 100 பந்து வீசியிருந்தார். தன் வேலை முடிந்தது என்றே அவர் நினைத்தாராம். பின்னாளில் அவரே சொன்னது. ஆனால் மேனேஜர் கிரேடி லிட்டில் எட்டாவது இன்னிங்ஸுக்கும் அவரையே அனுப்பினார். அப்போது பாஸ்டன் 5-2 என்று முன்னிலை.

முதல் பேட்டர் அவுட். அடுத்து டெரெக் ஜீட்டர் டபுள் அடித்தார். பெர்னி வில்லியம்ஸ் அவரை உள்ளே கொண்டுவந்தார். 5-3. லிட்டில் மைதானத்துக்குள் நடந்து போனார். எல்லோரும் பெட்ரோவை மாற்றப் போகிறார் என்றே நினைத்தார்கள். அவர் பெட்ரோவிடம் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பெட்ரோ. லிட்டில் திரும்பி வந்துவிட்டார். அடுத்த இரண்டு பேட்டர்களும் டபுள் அடித்தார்கள். 5-5. பதினோராவது இன்னிங்ஸில் ஆரோன் பூன் அடித்த ஹோம் ரன்னில் நியூயார்க் 6-5 என்று வென்றது. பெட்ரோ மொத்தம் வீசியது 123 பந்து. 100ஐத் தாண்டினால் பெட்ரோவின் பந்துகள் அடி வாங்கத் தொடங்கும் என்பது அணி நிர்வாகம் அறிந்த விஷயம். மாற்று பிட்சர்களும் நல்ல நிலையில் காத்திருந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் லிட்டிலுக்கு வேலை போய்விட்டது. அடுத்த ஆண்டே வேறொரு மேனேஜரின் கீழ் பாஸ்டன் பட்டம் வென்றது.

இரண்டாவது இரவு, 2020 அக்டோபர் 27. கொரோனா காலம். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் டெக்சாஸின் ஆர்லிங்டன் நகரில். தோற்றால் தொடர் முடிந்தது என்ற நிலையில் டாம்பா பே ரேஸ் அணி 1-0 என்று முன்னிலை. அதன் பிட்சர் பிளேக் ஸ்னெல் அன்று ஒரு தனி உலகத்தில் இருந்தார். ஐந்தேகால் இன்னிங்ஸுக்குச் சற்றே கூடுதல், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட், வீசியது 73 பந்துதான். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களும் அவரிடம் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஒன்பதாவது பேட்டர் ஒரு சிங்கிள் அடித்தார். உடனே மேனேஜர் கெவின் கேஷ் வந்தார். பேச்சு எதுவும் இல்லை. ஸ்னெல் வெளியே.

காரணம் இதுதான். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்கள். இது பல்லாயிரம் ஆட்டங்களிலிருந்து கிடைத்த பாடம். அடுத்து வரப்போகிறவர் மூக்கி பெட்ஸ், மூன்றாவது முறையாக. ஸ்னெல்லுக்குப் பதில் வந்த நிக் ஆண்டர்சனின் பந்தில் பெட்ஸ் டபுள் அடித்தார். சில பந்துகளுக்குள் 2-1. ஆட்டம் 3-1 என்று முடிந்தது. 1988க்குப் பிறகு டாட்ஜர்ஸுக்கு முதல் பட்டம்.

ஒருவர் எடுக்காமல் விட்டுத் தோற்றார். ஒருவர் எடுத்துத் தோற்றார். இரண்டு நாளும் ஊர் முழுக்கத் திட்டு. ஆனால் லிட்டிலுக்கு வேலை போயிற்று. கேஷோ அந்த ஆண்டின் சிறந்த மேனேஜர்களில் ஒருவராகத் தேர்வானார். (வாக்கெடுப்பு இறுதிச் சுற்றுகளுக்கு முன்பே முடிந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) வரலாறு படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அதிகாரம் இடம் மாறிவிட்டது. களத்தில் உட்கார்ந்திருந்தவரின் கண்ணிலிருந்து அலுவலகத்தில் இருந்தவர்களின் கணக்குக்குப் போய்விட்டது. லிட்டில் நிர்வாகத்தின் வழிக்கு எதிராக நடந்து தோற்றார். கேஷ் நிர்வாகத்தின் வழியிலேயே நடந்து தோற்றார். அந்த வழிதான் அதுவரை அந்த அணிக்கு வெற்றி தந்தது. இன்று 30 அணிகளும் சேர்ந்து ஒரு பருவத்தில் ஆடுவது 2,430 ஆட்டங்கள். ஒரே பிட்சர் தொடங்கி முடித்தவை 2022, 2023, 2024 ஆகிய எந்த ஆண்டிலும் 40ஐ எட்டவில்லை. ராட்போர்ன் தனியாளாக முடித்தவை 73.

ஸ்னெல்லை எடுத்தது மடத்தனம் என்று நான் பேரனிடம் அடித்துப் பேசினேன். அவன் ஒரே கேள்வியில் என்னை மடக்கினான். "ஆண்டர்சன் அதற்கு முன் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார் தாத்தா. அதுவும் எண்தானே?" என்றான். அவன் சொல்ல வந்தது, கேஷ் எண்ணைப் பார்த்ததால் தோற்கவில்லை, ஓர் எண்ணை மட்டும் பார்த்ததால் தோற்றார் என்பது. ஒப்புக்கொண்டேன்.

ஆனால் எனக்கு உறுத்தியது லிட்டிலின் கதைதான். எல்லோரும் அவர் எண்ணைப் பார்க்கவில்லை என்கிறார்கள். என் கண்ணுக்கு அவருடைய தவறு வேறு. முடியுமா என்று கேட்டாரே, அதுதான் தவறு. அத்தனை ஆயிரம் பேர் முன்னால், அந்த நேரத்தில், பெட்ரோ போன்ற ஒருவர் முடியாது என்று சொல்வாரா? சொல்ல முடியாதவரிடம் கேள்வியைக் கொடுத்து, முடிவையும் அவர் தலையில் வைத்துவிட்டார்.

இதை எழுதும்போது எனக்கு என் நினைவே வருகிறது. ஒரு குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு உடற்கல்வி ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் மாணவர்களை நான் அழைத்துப் போனேன். காலையில் ஒரு பந்தயம் ஓடிவிட்டு வந்த மாணவன் ஒருவன் லேசாக நொண்டினான். மாலையில் தொடர் ஓட்டம். "ஓட முடியுமா தம்பி?" என்று கேட்டேன். "முடியும் சார்" என்றான். மூன்றாவது ஆளாக ஓடியவன் பாதியில் விழுந்தான். அந்த ஆண்டு முழுக்க அவனால் ஓட முடியவில்லை. தலைமையாசிரியர் கேட்டபோது, அவனே முடியும் என்றானே ஐயா என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அன்று பெரியவன் நான். அவன் நொண்டியதை என் கண்ணால் பார்த்தவனும் நான்.

பேரன் இன்னோர் ஆட்டத்தையும் சொன்னான். 2022 ஏப்ரல் 13. டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸில் ஒரு பேட்டரைக் கூட பேஸில் நிற்க விடவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் அப்படி வீசுவது அதுவரையிலான நெடிய வரலாற்றில் 23 முறைதான் நடந்திருந்தது. இன்னும் ஆறு பேரை அவுட் ஆக்கினால் போதும். 80 பந்தில் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை நிறுத்திவிட்டார். பருவத்தின் தொடக்கம், பயிற்சி நாட்கள் குறைவு, முந்தைய ஆண்டு முழங்கையில் தொல்லை. ரசிகர்களுக்குக் கோபம். கெர்ஷாவோ அது சரியான முடிவு என்று அன்றே சொன்னார். போதும் என்று சொன்னால் அவமானம் இல்லை என்ற நிலைக்கு அந்த ஆட்டம் வந்துசேர ராட்போர்ன் காலத்திலிருந்து 138 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

உங்களில் பலர் இன்று மேலாளர்கள், தலைமைச் செவிலியர்கள், ஆசிரியர்கள், பெற்றோர். கீழே இருப்பவரிடம் முடியுமா என்று கேட்பது நல்ல பழக்கம்தான். கேட்ட பிறகு அவர் காலையும் ஒருமுறை பாருங்கள்.

அந்த மாணவனும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் ஒருவராக இருக்கலாம். தம்பி, நீ விழுந்தது உன் தவறு இல்லை. இதை நான் அன்றே தலைமையாசிரியர் அறையில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்