புகாரையே தடுக்கும் வடிகட்டி

வங்கியின் பெயரில் போலி மின்னஞ்சல் ஒன்று வருகிறது. பெற்றவர் அதை நம்பி ஏமாறாமல், அது புறப்பட்ட வலையமைப்பை நடத்தும் நிறுவனத்துக்கு ஆதாரத்துடன் புகார் அனுப்புகிறார். 'தீங்கான உள்ளடக்கம் இருப்பதால் ஏற்க இயலாது' என்று அந்தப் புகார் திரும்பி வருகிறது. குற்றத்தைத் தடுக்க நிறுத்திய காவலாளி, முறையிட வந்தவரை வாசலிலேயே விரட்டுவதற்கு ஒப்பானது இது.

காரணம் எளிது. மோசடி மடலின் முழு வாசகமும், அது கடந்து வந்த வழியைக் காட்டும் தலைப்புத் தகவல்களும், போலித் தளத்தின் இணைப்பும் இல்லாமல் விசாரணை நடத்த இயலாது. ஆனால், வடிகட்டி தேடிப் பிடிப்பதும் இவற்றையேதான். மடல் திரும்பி வந்தால் அனுப்பியவருக்காவது உண்மை தெரியும். 'ஸ்பேம்' கோப்புறைக்குள் ஓசையின்றி விழுந்தால் அதுவும் இல்லை. நிறுவனமோ, புகாரே வரவில்லை என்று நிம்மதியாக இருக்கும். தீங்கு தொடர்ந்தால், அதன் இணைய முகவரிகள் தடைப்பட்டியலில் ஏறி, தவறிழைக்காத வாடிக்கையாளர்களின் மடல்களும் மறுக்கப்படும்.

விதிமுறைகளுக்குக் குறைவில்லை. முறைகேட்டுப் புகார்களுக்கென 'அப்யூஸ்' என்று தொடங்கும் பொது முகவரியை 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2142 ஆவணம் வரையறுத்தது. கணினியே படித்துப் பிரிக்கத்தக்க புகார் வடிவத்தை 2010-இல் ஆர்எஃப்சி 5965 வகுத்தது. ஆசிய-பசிபிக் பகுதியில் இணைய முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஏப்னிக் அமைப்பு, புகார் முகவரிகள் செயல்படுகின்றனவா என ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்க்கிறது. ஆனால், சோதனை மடலில் மோசடி இணைப்பு எதுவும் இருப்பதில்லை. அது உள்ளே சென்றது என்பதால், ஆதாரம் சுமந்து வரும் புகாரும் செல்லும் என்று கொள்ள முடியாது.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில், இதை நான் புறவிளைவுச் சிக்கலாகவே காண்கிறேன். புகார்களைப் படிக்க ஆள் நியமிப்பது நிறுவனத்துக்குச் செலவு. படிக்காததன் இழப்போ பெரும்பாலும் பிறருக்கு. பாதுகாப்புத் தோல்விகளுக்குத் தொழில்நுட்பக் குறையைப் போலவே பிறழ்ந்த ஊக்கங்களும் காரணம் என கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் 2001-இல் எழுதியது இங்கும் பொருந்தும்.

தீர்வுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. புகார் முகவரிக்கு உள்ளடக்க வடிகட்டலிலிருந்து விலக்கு அளிக்கலாம். ஐயத்துக்குரியவற்றைத் தனியே ஒதுக்கி, பாதுகாப்பான கணினியில் ஊழியர் படிக்கலாம். மடல் கிடைத்ததும் பதிவு எண் வழங்கலாம். மாற்றுவழியாக இணையப் படிவமும் இருக்க வேண்டும். புகார் தருவோரும் மூல மடலை இணைப்பாகச் சேர்த்து, தாம் எழுதும் பகுதியில் போலித் தள முகவரியைச் சொடுக்க இயலாதவாறு மாற்றி எழுதுவது நல்லது. ஏப்னிக் போன்ற அமைப்புகள், முகவரி இருக்கிறதா என்பதோடு நில்லாமல், ஆதாரத்துடன் வரும் மாதிரிப் புகார் உரியவரைச் சென்றடைகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.