கிண்டலில் பிறந்த ‘பூட்’

“சிஸ்டம் பூட் ஆகலையா? ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பாருங்க.” கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் தினமும் காதில் விழும் பேச்சு. இதில் வரும் பூட், காலில் மாட்டுகிற அதே பூட்ஸ்தான். கால் சமாச்சாரம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த கதை கொஞ்சம் பழையது.

தடித்த தோலில் முழங்கால் உயரத்துக்குத் தைத்த பூட்ஸை மாட்டுவது லேசுப்பட்ட வேலை அல்ல. அதற்காகவே மேல்விளிம்பில் சின்னதாக ஒரு பட்டை வைத்துத் தைப்பார்கள். அதில் விரலை மாட்டி இழுத்தால் கால் உள்ளே இறங்கும். அந்தப் பட்டைக்குப் பெயர் பூட்ஸ்ட்ராப். அதைப் பிடித்து இழுத்தே ஒருவன் தன்னைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ள முடியுமா? என்னதான் தம் கட்டினாலும் நடக்காது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், ஆகாத காரியத்தைப் பேசுகிறவர்களை மடக்க இந்தச் சொலவடை கைகொடுத்தது. நிற்காமல் தானே ஓடும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் சொல்லித் திரிந்தார். இனி அவர் தன் பூட்ஸ் பட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே கம்பர்லாந்து ஆற்றைத் தாண்டிவிடுவார் என்று 1834இல் ஒரு பத்திரிகை வாரியது.

ஜெர்மானியப் புளுகு மன்னன் முன்ஹௌசன் பிரபுவின் கதைகளிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. சதுப்பில் முங்கப்போன பிரபு, தன் குடுமியைத் தானே பிடித்து இழுத்து, ஏறியிருந்த குதிரையோடு கரையேறுகிறார். பூட்ஸ் பட்டைக் கதையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் பிடித்தது குடுமியைத்தான்.

நாளாக ஆகக் கேலி தேய்ந்து, யார் தயவும் இல்லாமல் சொந்தக் காலில் முன்னுக்கு வருவதற்குப் பாராட்டாகவும் இதையே சொல்ல ஆரம்பித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கம்ப்யூட்டர் கட்டியவர்களுக்கோ பழைய அர்த்தமே நேரில் வந்து நின்றது.

1945இல் உருவான எனியாக் கம்ப்யூட்டரில் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் இந்தச் சிக்கல் கிடையாது. கணக்கு மாறினால் ஒயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகுவார்கள், ஸ்விட்சுகளைத் திருப்புவார்கள். புரோகிராமையும் மெமரியிலேயே வைக்கலாம் என்று வந்த பிறகுதான் தலைவலி. ஸ்விட்சைப் போடும்போது மெமரி காலி. டேப்பிலிருந்து புரோகிராமைப் படித்து உள்ளே ஏற்ற வேண்டும். படித்து ஏற்றும் வேலையைச் செய்வதும் ஒரு புரோகிராம்தானே, அதை யார் ஏற்றுவது?

கேம்பிரிட்ஜில் 1949இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கம்ப்யூட்டரில் டேவிட் வீலர் இதற்கு வழி கண்டார். முதலில் வேண்டிய கட்டளைகளை 31ஆகச் சுருக்கினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் அழைப்பை வரிசை மாற்றிவிடும் சுழல் ஸ்விட்சுகளில் அவை ஒயராகவே பதிக்கப்பட்டன. பொத்தானை அழுத்தினால் அந்த 31ம் மெமரியில் போய் உட்காரும். பிறகு அவை காகித டேப்பைப் படித்து மீதியை ஏற்றிக்கொள்ளும்.

ஐ.பி.எம். 1952இல் அறிமுகப்படுத்திய 701 கம்ப்யூட்டரில் இதற்கென்றே ‘லோடு’ பொத்தான் இருந்தது. அழுத்தினால் கார்டிலிருந்து ஆரம்பக் கட்டளைகள் மட்டும் உள்ளே வரும். அவை அடுத்தவற்றை இழுத்துவரும், அவை அதற்கும் அடுத்தவற்றை. அந்த இயந்திரத்தைப் பற்றி 1953இல் எழுதிய கட்டுரையில் வெர்னர் பூக்ஹோல்ஸ் இந்த உத்தியை ‘பூட்ஸ்ட்ராப்’ என்று குறிப்பிட்டார். சில வருஷம் கழித்து ‘பைட்’ என்ற சொல்லை உருவாக்கியவரும் இவரே. பூட்ஸ்ட்ராப் வாயில் சுருங்கி வெறும் பூட் ஆனது.

1975இல் வந்த ஆல்டெர் 8800 கம்ப்யூட்டரை வாங்கியவர்களுக்கு இந்தக் கஷ்டம் விரல் நுனியில் தெரியும். கீபோர்டும் கிடையாது, திரையும் கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாக ஸ்விட்சுகள், மேலே சிவப்பு விளக்குகள். எட்டு ஸ்விட்சுகளை மேலும் கீழுமாகத் தட்டினால் ஒரு பைட். அதை மெமரிக்குள் தள்ள இன்னொரு ஸ்விட்ச். பிறகு அடுத்த பைட்டுக்கு மறுபடியும் எட்டு. நடுவில் ஒன்று பிசகினாலும் டேப் படிக்காது. கரண்டை நிறுத்தினால் போட்டதெல்லாம் போச்சு, திரும்ப முதலிலிருந்து தட்ட வேண்டியதுதான்.

அந்த ஆல்டெருக்கு பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் மொழியை ஓட்டும் புரோகிராமை எழுதினார்கள். ஆல்டெரைத் தயாரித்தவர்களிடம் அதைக் காட்ட ஆலன் விமானத்தில் அல்புகர்க்கிக்குப் புறப்பட்டார். டேப்பைப் படிக்கவைக்கும் ஆரம்பக் கட்டளைகளை எழுதவே இல்லை என்பது விமானம் இறங்கும் சமயத்தில்தான் அவருக்கு உறைத்தது. ஒரு காகிதத்தை எடுத்து அங்கேயே எழுதி முடித்தார். அதை ஸ்விட்சில் தட்டி ஏற்றியதும் டேப் ஓடியது, பேசிக்கும் ஓடியது. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டதற்கு நான்கு என்று பதில் வந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த வருஷமே பிறந்தது.

1981இல் வந்த ஐ.பி.எம். பிசியில் விரல் வேலை ஒழிந்தது. முதல் கட்டளைகள் அழியாத சிப்பில் பதிந்தே வந்தன. அவை டிஸ்கின் முதல் 512 பைட்டை எடுத்து மெமரியில் வைக்கும். அந்த 512 பைட் மற்றதைக் கூப்பிடும். இன்றைய லேப்டாப்பிலும் செல்போனிலும் ஏற்பாடு எவ்வளவோ மாறிவிட்டது. சின்னது பெரியதை எழுப்பும் வரிசை மட்டும் மாறவில்லை.

வெளியார் முதலீடு வாங்காமல் வளர்ந்த கம்பெனியையும் இப்போது பூட்ஸ்ட்ராப் கம்பெனி என்கிறோம். ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோவை அப்படித்தான் உதாரணம் காட்டுவார்கள். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டால், அது தானாக எழுந்த நாள் ஒன்றுகூட இல்லை. ஒயரிலோ கார்டிலோ ஸ்விட்சிலோ சிப்பிலோ, முன்கூட்டியே யாராவது கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறார்கள். நானே என்னைத் தூக்கிக்கொண்டேன் என்று இனி யாராவது மார்தட்டினால், “சரி சார், அந்த முதல் 31ஐப் போட்டது யாரு?” என்று கேட்டுப் பாருங்கள்.