பூங்காவுக்குப் போகும் சாலை

வியன்னாவின் ஔகார்டன் ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டுமே உரிய தோட்டமாக இருந்தது. பேரரசர் இரண்டாம் ஜோசப் 1775இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். மனிதர் அனைவருக்கும் உரிய உல்லாச இடம் இது என்ற பொருள்பட வாயிலில் எழுதியும் வைத்தார். பொதுத் தோட்டங்களின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த வாசகத்தைச் சிலாகிக்காமல் விடுவதில்லை. அதற்கு 84 ஆண்டுகள் கழித்து, 1859இல், திருவனந்தபுரத்தில் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் வந்தன. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அப்போது திருவிதாங்கூர் மன்னர். அதே வளாகத்தில் அருங்காட்சியகம் 1857இலேயே திறக்கப்பட்டிருந்தது. ஆங்கிலேய ரெசிடென்ட் ஜெனரல் கல்லன் அதற்கு முன்நின்றார், வானாய்வுக் கூடத்தின் ஜான் ஆலன் புரூன் அதை நடத்தினார். நாஞ்சில் நாடு அன்று அந்த அரசின் தென்கோடி, ஆரல்வாய்மொழிக் கணவாய் அதன் கிழக்கு வாசல். கணவாயிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் மேற்கே நடந்தால் பூங்காவை அடைந்துவிடலாம். இது தூரத்துக்குச் சரியான கணக்கு. நடப்பவர் எந்தச் சாதி என்று கேட்ட பிறகுதான் மற்றக் கணக்கைப் போட முடியும். ஒரு தோட்டம் பொதுவா இல்லையா என்பதை அதற்குப் போகும் சாலையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம். திருவிதாங்கூரின் 1859ஆம் ஆண்டு அதற்கு நல்ல சாட்சி.

தலைநகரில் பூங்கா உருவான அந்த நாட்களில் நாஞ்சில் நாட்டில் தோள்சீலைக் கலகம் நடந்துகொண்டிருந்தது. அடிமைமுறை 1855ஆம் ஆண்டு அறிவிப்போடு சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் நாடார் பெண்கள் மார்பை எப்படி மூட வேண்டும், மூடலாமா கூடாதா என்ற வழக்கு தீரவில்லை. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் மேலாடை அணிந்த பெண்கள் பொது இடங்களில் தாக்கப்பட்டார்கள், அவர்களுடைய சீலைகள் கிழிக்கப்பட்டன, சில பள்ளிகளும் சிறு தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. கடைசியில் 1859 ஜூலை 26 அன்று மன்னரின் அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எப்படியும் மூடிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் கூடாது. கொடுத்த கையே ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்ட உத்தரவு அது. சந்தைக்குப் போகும் பெண்ணின் தோளில் துணி இருக்கலாமா என்று அரசு விவாதித்துக்கொண்டிருந்த வருஷத்தில், பூங்காவில் உலாவ வரும்படி அதே அரசு யாரை அழைத்திருக்கும்? நுழைவாயிலில் தடைப் பலகை எதுவும் தேவைப்பட்டிருக்காது. சாலையே பாதிப் பேரைத் தடுத்துவிடும்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன்தான் தோள்சீலை விவகாரத்தில் கல்லனுக்குக் கடுமையாக எழுதித் திருவிதாங்கூர் அரசை நெருக்கியவர். கறுப்பர் நகரத்தின் நெரிசலில் வாழ்ந்தவர்களுக்குக் காற்று வாங்க இடம் வேண்டும் என்று சென்னையில் பீப்பிள்ஸ் பார்க்கைத் தொடங்கிவைத்தவரும் அவரே. 116 ஏக்கர், குளங்கள், வண்டிப் பாதைகள், பிறகு 1863 முதல் மிருகக்காட்சி சாலை. துணியும் தோட்டமும் அவருக்கு ஒரே கேள்வியாகத் தோன்றினவா என்று நான் ஊகிக்க மாட்டேன். அவர் மேசையில் இரண்டும் ஒரே வருஷம் இருந்தன என்பதே எனக்குப் போதும்.

சாலைக்கு வருவோம். பொதுச் சாலைகள் எல்லாச் சாதியாருக்கும் திறந்தவை என்று திருவிதாங்கூர் அரசு 1865இல் அறிவித்தது. 1884இல் அதை மறுபடியும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. முதல் அறிவிப்பு எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பதற்கு இந்த இரண்டாம் அறிவிப்பே சான்று. பிறகு ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு என்ற நுணுக்கம் வந்தது. நெடுஞ்சாலையில் யாரும் போகலாம், கோயிலைச் சுற்றிய தெருவில் போகக் கூடாது என்றானது. 1924இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது இதற்காகத்தான். அது முடிந்தபோதுகூடக் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளில் மூன்றுதான் திறந்தன. ஆரல்வாய்மொழிக்கு அருகிலேயே உள்ள சுசீந்திரத்தில் 1926இல் அதே கேள்விக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவு அறிவிப்பு வரும்வரை, பூங்கா திறந்து 77 ஆண்டுகள் ஆகியும், ஒரு தெருவில் நடப்பது கோரிக்கையாகவே இருந்தது.

நமக்கு ஐரோப்பியத் தோட்டம் எதற்கு, நந்தவனம் இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. நாஞ்சில் நாட்டில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம், ஏனென்றால் ஆரல்வாய்மொழியை ஒட்டிய தோவாளை பூவால் வாழ்கிற ஊர். அங்கே கட்டப்படும் மாணிக்க மாலைக்கு இன்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் நந்தவனத்தின் பூ சாமிக்கு. பறிப்பவர் முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. மனிதர் சும்மா உட்கார்ந்து பொழுதைப் போக்க அமைத்த இடமில்லை அது. தோவாளைப் பூவோ பிச்சியாக, அரளியாக, செவ்வந்தியாகச் சந்தைக்குப் போகும் சரக்கு. அதை விளைவித்தவர் அந்த மாலை விழுகிற சன்னதிக்குள் போக முடிந்ததா என்பது அவர் பிறந்த சாதியைப் பொறுத்திருந்தது. நந்தவனத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் வேலை வேறு.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: ஐரோப்பா மட்டும் யோக்கியமா? இல்லை. பாரிஸின் துயிலரி தோட்டத்தில் வேலைக்காரருக்கும் சாதாரணப் படைவீரருக்கும் இடமில்லை. வருஷத்தில் ஒரு நாள், புனித லூயி திருநாளன்று மட்டும் காவலர்கள் எல்லோரையும் உள்ளே விட்டார்கள். வியன்னாவில் 1938இல் யூதர்கள் பூங்காக்களிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஔகார்டனின் வாயில் வாசகம் அப்போதும் அங்கேதான் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் தோட்டத்துக்குள்ளேயே கட்டிய விமான எதிர்ப்புக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதற்குப் பதில் அதற்குத் துணை நிற்கிறது. வாயிலில் என்ன எழுதியிருந்தாலும், ஊரின் தெருவில் ஒருவருக்கு இடமில்லையென்றால் தோட்டத்திலும் இடமில்லை.

அப்படியானால் திருவனந்தபுரத்துப் பூங்கா வெறும் அலங்காரமா? அங்கே மூலவர் இல்லை, தீட்டு என்று சொல்ல ஒரு சன்னதி இல்லை. பார்ப்பதற்குப் புலியும் செடியும்தான். சாதி விதிக்கு ஆகமக் காரணம் காட்ட முடியாத அப்படியொரு இடத்தை ஓர் அரசு தன் செலவில் அமைத்ததைச் சிறிய செயல் என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் அது தானாக யாரையும் உள்ளே அழைத்து வரவில்லை. அந்த வேலையைச் சுசீந்திரத்திலும் வைக்கத்திலும் அடிபட்டவர்கள் செய்தார்கள். அவர்கள் கேட்டது தோட்டத்தை அல்ல, தெருவை. இன்று ஆரல்வாய்மொழியிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்து, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையை ஒட்டிச் செல்கிறது. குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கிய கோட்டை அது. அவருடைய கல்லறையும் உள்ளேதான் இருக்கிறது. கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. சீட்டு வாங்கினால் உள்ளே போகலாம்.